ஐந்நூற்று இருபத்தாறு புள்ளி ஒன்று

விரிக்கிற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. பூங்கொடியின் விரல் மவுஸின் மேல் கிடந்ததே தவிர அழுத்தவில்லை. சனிக்கிழமை, மதியம் இரண்டே கால். காந்திபுரத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் போட்ட வகுப்பறை. கீழேயிருந்து நெய் காய்கிற வாசனை படியேறி வந்து ஏசி குளிரோடு கலந்து நின்றது. முன்னால் திரைக்குப் பக்கத்தில் ரெஜினா. இருபத்து நாலு வயது டீச்சர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். "எல்லாரும் ட்ரே மடிச்சாச்சா? இப்ப விரிச்சுப் பாருங்க. மடிச்ச தகடு பிரிஞ்சு நேராப் படுக்கும். அந்த நீளம்தான் நாம வெட்ட வேண்டிய நீளம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். மற்றவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். ட்ரே வரைந்திருந்தார்கள், விரித்தார்கள், அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். நாற்பத்தொரு வயது பூங்கொடி மட்டும் ட்ரே வரையவில்லை. அவள் வரைந்தது ஒரு மூடி. தோட்டத்து மோட்டார் பெட்டிக்குப் போடுகிற இரும்பு மூடி. அகலம் நானூறு மில்லி, இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது மடிப்பு, அதன் நுனியில் உள்ளே திரும்புகிற இருபது இருபது மடிப்பு, நாலு மடிப்புக்கும் உள்வளைவு இரண்டு மில்லி. எந்தத் தாளையும் பார்த்து வரையவில்லை. இரண்டு வருஷமாக அந்த மூடி அவளுக்குள் அப்படியேதான் இருக்கிறது. கண்ணை மூடினால் வரும், சோறு வடிக்கும்போது வரும். அதை மறக்க வேண்டும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. மறந்துவிடுவோமோ என்றுதான் பயந்தாள்.

வெட்டு நீளம் ஐந்நூற்று இருபத்தாறு புள்ளி ஒன்று. அதுதான் பழைய கம்பெனித் தாளில் போட்டிருந்தது. தகடு ஒன்று புள்ளி ஆறு மில்லி கனம், வெட்டு நீளம் ஐந்நூற்று இருபத்தாறு புள்ளி ஒன்று. கீழே வலது மூலைக் கட்டத்தில், வரைந்தவர் நவநீதன். இப்போது இந்தப் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரும் ஒரு நீளம் சொல்லும். அதே ஐந்நூற்று இருபத்தாறு புள்ளி ஒன்று என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் நவநீதன் போட்ட படம் சரி. படம் சரியென்றால் தப்பு கீழே, மெஷின் பக்கம், அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் பக்கம். அப்படியானால் இந்தப் பன்னிரண்டு சனிக்கிழமையும், இப்போது வேலை பார்க்கிற பாத்திரக் கடையில் அரை நாள் லீவுக்காக ஒவ்வொரு வாரமும் பல்லைக் காட்டி நின்றதும், மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் முதல் நாள் அதை மேஜையிலிருந்து தூக்கித் தூக்கி வைத்தபோது பின்னால் கேட்ட சிரிப்பும், எல்லாம் வீண். அதைவிட மோசம், அவன் சொன்னது உண்மையாகிவிடும். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுக்கலாம். இரண்டு வருஷம் பொறுத்தாயிற்று.

அவன் சொன்னதுதான். அந்த ஒரு வாக்கியம். கணபதி ஏரியாவில் அந்தத் தகட்டுக் கம்பெனியில் அவள் பதினோரு வருஷம் இருந்தாள். முதல் மூன்று வருஷம் வெட்டின ஓரத்துப் பிசிரை, பர்ர் என்பார்கள், அதைத் தேய்க்கிற வேலையும் டிரில்லிங்கும், அப்புறம் அளக்கிற வெர்னியர் கைக்கு வந்தது. மடித்து வருகிற சாமானை அளந்து பார்த்து, சரியென்றால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். எட்டு வருஷம் அவள் கையெழுத்து இல்லாமல் அந்த வாசலைத் தாண்டி ஒரு தகடு போனதில்லை. பத்தாவதோடு நின்றவள்தான், ஆனால் படத்தைப் பார்த்தால் சாமான் அவள் கண்ணில் எழுந்து நிற்கும். முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படம் போட்டிருந்தால் அந்த மூன்றும் சேர்ந்து ஒரு பொருளாகத் திரும்பும், உள்ளே கை விட்டுப் பார்க்கிற மாதிரி. யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்து வந்தது. முதலாளி வேலுச்சாமி சாருக்கே அவ்வளவு வேகமாக வராது. தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். படம் போடுகிற இன்ஜினியராக நவநீதன் வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. ஒல்லியாக, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. முதல் நாளே "அக்கா, நீங்கதான் எனக்கு இங்க எல்லாம் காட்டணும்" என்றான். காட்டினாள். டிபன் பாக்ஸில் கத்தரிக்காய் இருந்தால் அவனுக்குத் தனியாக எடுத்து வைத்தாள். இதை நினைத்தால்தான் இப்போதும் பல் கிட்டுகிறது. கையெழுத்தை நினைத்தால்கூட இல்லை, அந்தக் கத்தரிக்காயை நினைத்தால்.

நூற்று எண்பது மூடி. ஐப்பசி மாசம் போய்ச் சேர்ந்து, மூன்று வாரம் மழையில் தோட்டங்களில் நின்று, தண்ணீர் உள்ளே இறங்கி, மோட்டார் பெட்டியின் கரண்ட் போர்டுகள் கருகி, எல்லாம் ஒரே லாரியில் திரும்பி வந்தன. நானூறு வர வேண்டிய அகலம் முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டு மில்லி குறைவு. ரப்பர் பட்டையின் மேல் ஒரு பக்கம் மூடி உட்காரவே இல்லை. வந்து நாலாம் நாள் வேலுச்சாமி சார் எல்லாரையும் தகடு மடிக்கிற பெண்டிங் மெஷின் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். தாளை மெஷின் மேஜையில் விரித்தார். "படத்துல நானூறுன்னு இருக்குது. சாமான்ல நானூறு இல்லை. செக் பண்ணினது யாரு?" என்றார். யாரென்று அவருக்குத் தெரியும், தாளிலேயே இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நவநீதன் ஒரு அடி முன்னால் வந்தான். எவ்வளவு பணிவாக, எவ்வளவு வருத்தமாக அந்தக் குரல். "சார், அக்காவைச் சொல்லிக் குத்தமில்லைங்க. அக்காவுக்கு டிராயிங் படிக்கத் தெரியாதுங்க. நான்தான் கூட நின்னு படிச்சுக் காட்டியிருக்கணும்." அவ்வளவுதான். ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். பாவம் என்று பார்த்தார்கள். பர்ர் தேய்க்கிற மல்லிகா, நேற்றுச் சேர்ந்தவள், அவளும் பாவம் என்று பார்த்தாள். வேலுச்சாமி சார் தாளை மடித்தார். "ஏம்மா, இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சத்தம் போடாமல், நல்லபடியாகவே சொன்னார்.

படிக்கத் தெரியாது. தெரியாதுங்க. அந்த 'ங்க' வேறு. பாத்திரக் கடையில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு குக்கர் மூடியைத் துடைக்கும்போதும் அது வந்தது. அவனுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவள் ஒரு வரிசையே வைத்திருந்தாள். முதலில் எல்லாம் உடம்பு சம்பந்தப்பட்டது. அந்த இஸ்திரி சட்டைக் கை மெஷினில் மாட்டுவது, அவன் கத்துவது, அவள் மெதுவாக நடந்து போய் மெதுவாக ஸ்விட்சை அணைப்பது. அப்புறம் அது அலுத்துவிட்டது. கத்துகிறவன் யோசிக்க மாட்டான். அவன் யோசிக்க வேண்டும். அவன் கல்யாண போட்டோவைப் போனில் பார்த்த வாரம், அவன் பெண்டாட்டி ஒரு நாள் கடைக்குக் குக்கர் வாங்க வருவாள் என்று நினைத்துக்கொண்டாள். நல்ல முகம், நெற்றி கொஞ்சம் அகலம், பார்த்தால் அடையாளம் தெரியும். மூடி சரியாக உட்காராத ஒன்றாகப் பார்த்து எடுத்து, நன்றாகத் துடைத்து, சிரித்துக்கொண்டே கட்டித்தர வேண்டும். ஆவி ஒரு பக்கமாகச் சீறட்டும், பருப்பு வேகாமல் கிடக்கட்டும், தினமும் சீறட்டும். அப்படி ஒரு குக்கரை நிஜமாகவே மேல் தட்டில் பின்னால் தள்ளி ஒளித்தும் வைத்தாள். பிறகு ஒரு நாள் அதே நெற்றியோடு வேறு யாரோ ஒரு பெண் வந்து நின்றபோது தன் கை மேல் தட்டுக்குப் போனதைப் பார்த்தாள். அந்தப் பெண் என்ன செய்தாள், பாவம். அன்றைக்கே அந்தக் குக்கரைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் இந்த வகுப்பின் போர்டு கண்ணில் பட்டது. ஷீட் மெட்டல், டிராயிங், மூன்று மாதம். படியேறினாள். வீட்டுக்காரர் கேட்டார், "இந்த வயசுல என்னத்துக்குப் புள்ள இது?" வேலைக்கு என்று சொன்னாள். வேலைக்கு இல்லை. அவனுக்கு.

"அக்கா, உங்களுக்கு வரலையா?" ரெஜினா பக்கத்தில் வந்து குனிந்தாள். திரையைப் பார்த்தாள். "இது ட்ரே இல்லையே." பூங்கொடி, "வேற ஒண்ணு போட்டேனுங்க மேடம். பழைய கம்பெனி சாமான்" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தாள். ரெஜினா மூடியை இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாப் போட்டிருக்கீங்க. விரிங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். இனிமேல் முடியாது. அழுத்தினாள். மூடி தன் நாலு மடிப்பையும் விட்டுவிட்டு, சோர்ந்துபோன கை மாதிரி நேராகப் படுத்தது. அளவுக் கருவியை எடுத்து இந்த ஓரத்தில் ஒரு கிளிக், அந்த ஓரத்தில் ஒரு கிளிக். ஐந்நூற்று இருபத்தெட்டு புள்ளி ஒன்று ஒன்பது.

இருபத்தெட்டு. இருபத்தாறு இல்லை. மறுபடி அளந்தாள், இருபத்தெட்டு. இரண்டு மில்லி. எந்த இரண்டு மில்லி நூற்று எண்பது மூடியிலும் குறைந்ததோ அதே இரண்டு மில்லி. வெட்டும்போதே குறைத்து வெட்டச் சொல்லியிருக்கிறது அந்தத் தாள். தகட்டை வெட்டினவனும் சரி, மடித்தவனும் சரி, படம்தான் தப்பு. நெஞ்சுக்குள் சூடாக என்னவோ ஏறி காது வரைக்கும் வந்தது. சந்தோஷமா, அதுகூட இல்லை. கடித்த பல் உள்ளே இறங்குகிற ருசி. அது தொண்டையைத் தாண்டுவதற்குள் இன்னொன்று வந்து மறித்தது. அவன் என்ன கணக்கா போட்டான்? கம்ப்யூட்டர்தானே போட்டது. இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர், இதே பொத்தான். இது இருபத்தெட்டு சொல்கிறது, அது எப்படி இருபத்தாறு சொல்லும்? ஒருவேளை அந்தத் தாளில் இருந்ததே இருபத்தெட்டுதானோ? இரண்டு வருஷமாக நினைத்து நினைத்து, துணி துவைத்துத் துவைத்து நிறம் மாறுகிற மாதிரி, எண் மாறிவிட்டதோ? இல்லை. புள்ளி ஒன்று என்று வாய்விட்டுப் படித்தாள் அன்றைக்கு. வெட்டி வந்த தகட்டில் அவளே டேப்பை வைத்துப் பார்த்தாள், இருபத்தாறு. மெஷின்காரன் தங்கவேலிடம் "இருபத்தாறு, சரிதான்" என்று சொன்னாள். சொன்னாளா, சொன்னதாக இப்போது நினைக்கிறாளா? வேலுச்சாமி சார் கேட்பாரே, ஆதாரம் என்னம்மா என்று. ஞாபகம் என்று சொல்ல முடியுமா? நவநீதன் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த வருத்தமான முகத்தோடு, அக்காவுக்கு ஞாபகம் தப்பியிருக்குங்க சார் என்பான். ஆகட்டும், அவன் அப்படித்தான் சொல்வான்.

ரெஜினா முன்னால் போய்விட்டாள். இப்போது தாளில் படம் இறக்குவது. மூன்று பக்கத் தோற்றம், விரித்த தோற்றம், அளவுகள், கீழே மூலையில் பெயர்க் கட்டம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். "இதுல ஒரு விஷயம் மட்டும் கவனமாக் கேட்டுக்கங்க" என்றாள் ரெஜினா. "தகட்டோட கனத்தைக் கட்டத்துல நீங்களா டைப் பண்ணாதீங்க. மாடல்ல என்ன இருக்கோ அது தானா வந்து உக்கார்ற மாதிரி இணைப்புக் குடுங்க. எதுக்குன்னா, நாளைக்கு கஸ்டமர் போன் பண்ணி கனத்தை மாத்தச் சொல்லுவான். அவசரத்துல நீங்க மாடலைத் திறக்காம, தாள்ல இருக்கற எண்ணை மட்டும் அழிச்சுட்டு வேற எண்ணைத் தட்டி விட்டுருவீங்க. பார்க்கறவனுக்குப் புதுக் கனம் தெரியும். ஆனா விரிச்ச நீளம் பழைய கனத்துக்கே நிக்கும். தாள் பொய் சொல்லும்." பூங்கொடிக்கு ஏசி சத்தம் கேட்கவில்லை. கஸ்டமர் கனத்தை மாற்றினான். ஆமாம், மாற்றினான். முதலில் பேசினது இரண்டு மில்லித் தகடு. இரும்பு எடை அதிகமாகிறது என்று ஒன்று புள்ளி ஆறுக்கு இறங்கினார்கள். ஸ்டோரில் இரண்டு மில்லி ஷீட் வந்து அடுக்கியே விட்டார்கள், அப்புறம் அதைத் திருப்பி ஏற்றினார்கள். மாடல் பக்கம் திரும்பினாள். கனம் என்ற கட்டத்தைத் திறந்தாள். ஒன்று புள்ளி ஆறை அழித்தாள். இரண்டு என்று தட்டினாள். கனமான தகட்டை மடித்தால் மூலையில் இழுவை அதிகம், அதனால் குட்டையாக வெட்ட வேண்டும். இது அவள் கைக்கு எப்போதோ தெரியும். விரித்தாள். அளந்தாள். ஐந்நூற்று இருபத்தாறு புள்ளி ஒன்று பூஜ்யம்.

பக்கத்துச் சீட்டுப் பெண் ஏதோ கேட்டாள், பேனாவோ என்னவோ, இல்லை என்று தலையாட்டினாள். ஒரு எண்ணை அழித்து ஒரு எண்ணைத் தட்டினான். அவ்வளவுதான் அவன் செய்தது, நாலு வினாடி வேலை. மாடலைத் திறக்கச் சோம்பல். அந்த நாலு வினாடியை இப்போது அவளால் பார்க்க முடிந்தது. இஸ்திரிச் சட்டைக் கை, பக்கத்தில் டீ டம்ளர், ஒரு விரலால் தட்டுகிறான். இரண்டு வருஷம் அவன் மண்டைக்குள் போக முடியாமல் வெளியே நின்று கல் எறிந்தவள், இப்போது உள்ளேயே நின்றாள். இனி அவன் எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே ஒரு எண் நிற்கும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போக வேண்டும். எல்லாரும் கார்டு பஞ்ச் பண்ணுகிற நேரம். அதே மெஷின் மேஜை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, அவனைக் கூப்பிட்டு, தம்பி, கொஞ்சம் படிச்சுக் காட்டு என்று சொல்ல வேண்டும். காது சிவக்கும் அவனுக்கு, கொஞ்சம் பேச்சு வாங்கினாலே சிவக்கும். எல்லாரும் அவனைப் பார்க்க வேண்டும். மல்லிகா பார்க்க வேண்டும். வேலுச்சாமி சார் தாளைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு, நிமிர்ந்து, அவளைப் பார்த்து, ஏம்மா, அப்ப நீ இதை அன்னைக்கே

அன்றைக்கே. இந்த இடத்தில்தான் எப்போதும் நிற்கும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு முறையும் மனசு இதுவரைக்கும் ஓடி வந்து, இங்கே வந்ததும் திரும்பிக் கத்தரிக்காய்க்குப் போய்விடும், குக்கருக்குப் போய்விடும். இன்றைக்குப் போகவில்லை. அன்றைக்கு முதல் மூடி மடித்து வந்தது. வெர்னியரை வைத்தாள். முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டாவது, தொண்ணூற்றெட்டு. மூன்றாவதும். தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். "தம்பி, அகலம் ரெண்டு மில்லி கம்மியா வருது." நவநீதன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரப்பர் பட்டை போடறாங்கல்லக்கா, அது அடைச்சுக்கும். சாயங்காலம் வண்டி வருது. பாஸ் போடுங்க, நான் பார்த்துக்கறேன்." அவள் நின்றாள். அரை மில்லிக்கு மேல் போனால் ரிஜெக்ட். தாளிலேயே அச்சடித்திருக்கிறது. எட்டு வருஷம் அதை அவள் மீறியதில்லை. இறங்கி வந்தாள். நூற்று எண்பதுக்கும் பாஸ் போட்டாள். ஏன் போட்டாள்? வண்டி வருகிறது என்பதாலா? இன்ஜினியர் சொல்கிறான், பத்தாவது படித்த நமக்கென்ன தெரியும் என்று ஒரு மூலையில் நினைத்தாளே, அதனாலா? அக்கா என்று கூப்பிட்டான் என்பதாலா? எதுவாக இருந்தாலும் கையெழுத்து அவளுடையது. கோணலாகக்கூட இல்லை, நேராகப் போட்டிருந்தாள். நாலாம் நாள் சார் கேட்டபோது வாயைத் திறந்து, தெரியும் சார், சொன்னேன் சார் என்று சொல்லியிருந்தால், அப்புறம் ஏன் பாஸ் போட்டே என்பார். அந்தக் கேள்வி வருவதற்கு அரை வினாடி முன்னால் அவன் முந்திக்கொண்டான். அவள் பேசவில்லை. அந்த வாக்கியம் மேலே வந்து விழுந்தபோது அதற்குக் கீழே பதுங்கினாளா இல்லையா? பதுங்கினாள். தெரியாதவளாக வீட்டுக்குப் போவது தெரிந்தே செய்தவளாகப் போவதைவிடச் சுலபமாக இருந்தது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும்.

போனை எடுத்தாள். திரையில் மூடியை இரண்டு கனத்துக்கும் தனித்தனியாக விரித்து, ஒன்று புள்ளி ஆறு கனத்துக்கு இருபத்தெட்டு, இரண்டு மில்லிக்கு இருபத்தாறு புள்ளி ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தாள். நவநீதனின் எண் இன்னும் இருந்தது. ஒரு வார்த்தைகூட எழுதாமல் அனுப்பினாள். இரண்டு கோடு நீலமானது. மேஜையில் போன் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளாச்சு. இந்தப் படம் யாரு போட்டுக் குடுத்தாங்க?"

"நான்தான் போட்டேன்."

"இல்லக்கா, இந்த மாடலு, விரிச்சது எல்லாம்."

"நான்தான்னு சொல்றேன்ல."

அந்தப் பக்கம் ஒரு கதவு மூடுகிற சத்தம். குரல் தணிந்தது. "அக்கா, சத்தியமா எனக்கு அப்பத் தெரியாதுங்க. லாரி திரும்பி வந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் மாடலைத் திறந்து பார்த்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது."

"ரெண்டாம் நாள் தெரிஞ்சுது. சார் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினது நாலாம் நாள்."

கீழே ஸ்வீட் கடையில் யாரோ தட்டை அடுக்கினார்கள். "நான் இப்ப அங்க டிசைன் ஹெட்டுங்கக்கா. குழந்தை பிறந்திருக்குது. இதைச் சார்கிட்டக் காட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எனக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான். கம்மியா இருக்குன்னு நீங்க மாடிக்கு வந்து சொன்னீங்கல்ல? தெரிஞ்சே எதுக்குப் பாஸ் போட்டீங்கன்னு கேப்பாரு. படிக்கத் தெரியாதுன்னு நான் சொன்னதாலதான் உங்களை மரியாதையா அனுப்பினாங்க. உங்களைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

இதுதான் அவனிடம் கடைசியாக இருந்தது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை என்றாலும், வந்ததும் ஆச்சரியப்படவில்லை. பாதி உண்மை என்பதால் முழுசாக எரிந்தது. குழந்தை என்றதும் அந்த அகல நெற்றி ஒரு கணம் வந்தது, வந்து போனது. எதையாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷம் சேர்த்து வைத்தாளே, ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நீ சொன்னது பொய்யி. நான் பண்ணினது தப்பு. ரெண்டும் வேற வேற, தம்பி" என்றாள். "அக்கா, ஒரு நிமிஷம், நான் நேர்ல வர்றேன்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. அடிக்கவிட்டாள். யோசிக்கட்டும். இப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருப்பான்.

படியில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருக்கலாம், பஞ்ச் பண்ணுகிற நேரம், மெஷின் மேஜை, சிவக்கிற காது. ஆனால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது அவளுக்கு; குழந்தை, பாவம், போகட்டும் என்று மனசு வழுக்குவதற்கு, அவனும் பெண்டாட்டியும் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு, வீட்டுக்காரர் விடு புள்ள என்று சொல்வதற்கு, கடைசியில் மறுபடி அந்த வாக்கியத்துக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொள்வதற்கு. தன்னை அவளுக்குத் தெரியும். வேலுச்சாமி சாரின் எண்ணைத் தேடி எடுத்தாள். அதே படத்தை அனுப்பினாள். பிறகு பேசிப் பதிகிற பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"சார், பூங்கொடி பேசறனுங்க. அந்த நூத்தி எண்பது மூடியும் ரெண்டு மில்லி கம்மின்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. மாடிக்குப் போய்ச் சொன்னேன். பார்த்துக்கறேன், பாஸ் போடுன்னாங்க. தெரிஞ்சுதான் போட்டேன். அது என் தப்பு, அதுக்கு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா படத்துலயே தப்பு இருந்துச்சுங்க. எங்கன்னு நான் போட்ட படத்துல இருக்குது. ஸ்டோர்ல இருக்கற பழைய தாளை எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

கொஞ்சம் நிறுத்தினாள். விரல் இன்னும் அழுத்தியே இருந்தது.

"புரியலைன்னாச் சொல்லுங்க சார். திங்கக்கெழமை வந்து, எல்லாரும் இருக்கறப்பவே, படிச்சுக் காட்டறேன்."

விரலை எடுத்தாள். போய்விட்டது. இரண்டு கோடு வந்தது, நீலமாகவில்லை. சார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவார், நாலு மணிக்கு எழுந்திருப்பார். இப்போது மணி மூன்று. இதற்குள் அழிக்கலாம். அழிக்கிற வழி அவளுக்குத் தெரியும். போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எழுந்து கதவைத் திறந்தாள். உள்ளே ரெஜினா அடுத்ததை ஆரம்பித்திருந்தாள்.